மருளாத தூரம்

கால்நடை மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில், ஆறு மாதக் களப்பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, என் வகுப்பில் பெரும்பாலோர் பால் பண்ணையையோ கோழிப் பண்ணையையோ எழுதிக் கொடுத்தார்கள். நான் மான் பண்ணை என்று எழுதினேன். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பாடநூல்களில் மாட்டைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு போகும்போது, அத்தியாயத்தின் கடைசியில் 'மான்களில் இது சற்று வேறுபடும்' என்று ஒற்றை வரியில் முடித்திருப்பார்கள். அந்த வேறுபாடு என்னவென்று எவரும் விளக்கியதில்லை. அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் என்னிடம் இருக்கவில்லை.

நான் சேர்ந்தது, ஆங்கிலத்தில் 'ரெட் டீர்' எனப்படும் செம்மானை வளர்க்கும் பண்ணை. குளிர்காலம் முடிந்து புல் துளிர்க்கத் தொடங்கியிருந்த நேரம். பழந்தமிழில் ஆண் மானுக்குக் கலை என்றும் பெண் மானுக்குப் பிணை என்றும் குட்டிக்கு மறி என்றும் பெயர் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தச் சொற்கள், நாள்தோறும் மந்தையைப் பிரித்து எழுத வேண்டியிருந்த என் குறிப்பேட்டில் எதிர்பாராத விதமாக மறுபடியும் உயிர்பெற்றன. 'பெண் மான் 84, ஓராண்டு ஆண் மான் 31' என்று எழுதுவதைவிட 'பிணை 84, இளங்கலை 31' என்று எழுதுவது விரைவாக இருந்தது என்பதுதான் உண்மையான காரணம். இலக்கியப் பற்று அதற்குப் பிறகு வந்தது.

முதல் வாரம் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை எண்ணுவது மட்டுமே. காலையும் மாலையும் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்தின் வாயிலிலும் நின்று தலைகளை எண்ணி எழுத வேண்டும். மேற்பார்வையாளர் எழுதிய எண்ணும் நான் எழுதிய எண்ணும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை. நான் வாயிலை நெருங்கும்போதே மந்தை முழுவதும் தலை நிமிர்த்தி, காதுகளை என் பக்கம் திருப்பி, ஒரே உடல் போல நகர்ந்து மேட்டுக்கு அப்பால் போய்விடும். அவரோ அதே வாயிலில் அரைமணி நேரம் சாய்ந்து நிற்பார், மான்கள் புல்லிலிருந்து வாயை எடுக்காது. "நீங்கள் வேகமாக நடக்கிறீர்கள், அதைவிட, அவற்றை உற்றுப் பார்க்கிறீர்கள்," என்றார் மூன்றாம் நாள். மானுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய 300 பாகை அளவுக்குச் சுற்றிலும் தெரியும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் நேராக வந்து, முன்னோக்கிய இரு கண்களால் உற்றுப் பார்க்கும் உயிர், அதன் பார்வையில், தன்னை வேட்டையாட வந்த உயிர் என்பதை அந்த எண்ணிலிருந்து நானாக உய்த்துணரவில்லை.

மாட்டையும் ஆட்டையும் மனிதன் பழக்கத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. செம்மானை வேலிக்குள் வைத்து வணிக நோக்கில் வளர்க்கும் இன்றைய முறைக்கு அரை நூற்றாண்டை ஒட்டிய வயதுதான். இதில் முன்னோடி நாடு நியூசிலாந்து. அங்கே மான் இயற்கையாக இருந்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட செம்மான்கள், அவற்றை உண்ணும் விலங்கு எதுவும் இல்லாத காடுகளில் பெருகி, மலைச்சரிவுகளின் தாவரங்களைத் தின்று தீர்த்தன. அரசே ஆள் வைத்துச் சுட்டுக் குறைக்கும் அளவுக்குத் தொல்லையாக மாறிய அந்த விலங்கை, 1969இல் சட்டம் பண்ணையில் வளர்க்க அனுமதித்தது. 1970களில் ஹெலிகாப்டரில் துரத்திச் சென்று, வலை எறிந்தும் மயக்க ஊசி செலுத்தியும் உயிரோடு பிடித்த காட்டு மான்களிலிருந்துதான் அங்குள்ள மந்தைகள் உருவாயின. ஆகவே பண்ணையில் நிற்கும் ஒரு பிணை, காட்டிலிருந்து சில தலைமுறைகளே விலகி வந்த விலங்கு. பசுவிடம் நாம் காணும் பொறுமை பல்லாயிரம் ஆண்டுத் தேர்வின் விளைவு. மானிடம் அதை எதிர்பார்ப்பது நம் அறியாமை.

மான் நமக்கேற்ப மாறாது என்பதால், பண்ணை மானுக்கேற்பக் கட்டப்பட்டிருந்தது. வேலி என் தலைக்கு மேல், ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். மான்களைக் கையாளும் கொட்டகையைப் பார்த்தபோது அதன் இருட்டுதான் முதலில் வியப்பளித்தது. சன்னல்கள் இல்லை, விளக்கைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் சுவரை நோக்கிப் பாயும் மான்கள் அரையிருளில் ஒன்றோடொன்று ஒட்டி அமைதியாக நிற்கின்றன. சுவர்கள் இடைவெளியில்லாத பலகைகளால் ஆனவை. இடைவெளி தெரிந்தால் அதன் வழியே தப்பிக்க முயன்று காலை முறித்துக்கொள்ளும். ஓர் ஆணியோ தாழ்ப்பாளோ உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நாங்கள் உள்ளே போகும்போது ஒட்டுப்பலகைக் கேடயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவோம். அதை நான் முதலில் சற்று நாடகத்தனமானது என்றே நினைத்தேன். பிணைகள் பின்னங்கால்களில் எழுந்து நின்று முன்னங்கால் குளம்புகளால் குத்துச்சண்டை வீரரைப் போல அடிக்கும் என்பதை அந்தப் பலகையில் விழுந்த பள்ளங்களைக் கண்ட பிறகு அப்படி நினைக்கவில்லை.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஓராண்டு நிறைந்த இளம் பிணைகளுக்குக் காசநோய்ச் சோதனை நடந்தது. மாட்டுக் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்ற நுண்ணுயிரி மானையும் தாக்கும் என்பதால், கழுத்தில் மயிரை மழித்து, தோலுக்குள் சிறிதளவு டியூபர்குலின் என்ற சோதனை மருந்தைச் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து அந்த இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே மான்களை ஒரே வாரத்தில் இருமுறை கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது; அந்தத் துணிச்சலில் இரண்டாம் முறை நான் வாயிலைச் சாத்த ஓடினேன். ஓடியதுகூட இரண்டாவது தவறுதான். முதல் தவறு, நடக்கும்போதெல்லாம் சரசரக்கும் மழைச்சட்டை ஒன்றை அன்று அணிந்திருந்தது. மந்தை பிளந்தது. ஒரு பிணை மட்டும் வாயிலுக்கு வெளியே தங்கிவிட, மற்றவை உள்ளே போய்விட்டன. தனித்துவிடப்பட்ட மான் வேலியோரமாக மேலும் கீழும் ஓடத் தொடங்கியது. அதைத் திருப்பிச் சேர்த்துவிடலாம் என்று நான் பின்னால் போகப் போக அது இன்னும் வேகமாக ஓடியது. மேற்பார்வையாளர் வந்து என்னை அசையாமல் நிற்கச் சொல்லி, உள்ளே இருந்த நான்கைந்து பிணைகளை வெளியே விட்டு அதனுடன் சேர்த்தபோது இருபது நிமிடங்கள் ஆகியிருந்தன. அன்று மாலை அது நன்றாகத்தான் மேய்ந்தது. மறுநாள் பின்னங்கால்களை இழுத்து நடந்தது. அதற்கடுத்த நாள் இறந்துவிட்டது.

துரத்தலாலும் பிடிபடுவதாலும் வரும் தசைச்சிதைவு என்று இதைப் பாடத்தில் படித்திருந்தேன். அளவுகடந்த அச்சத்தோடு நீண்ட நேரம் ஓடும் விலங்கின் தசைகளில் அமிலம் சேர்ந்து, தசை இழைகள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். ஓடிய களைப்பில் அப்போதே விழாமல், சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து இறக்கும். உடற்கூறாய்வை நானே செய்ய வேண்டும் என்று பண்ணைக்கு வரும் மருத்துவர் கூறினார். தொடைத் தசைகளில் வேகவைத்தது போன்ற வெளிறிய கோடுகள். சிறுநீர்ப்பையில் காப்பி நிறச் சிறுநீர். கல்லீரலைப் புரட்டிப் பார்த்து, பித்தப்பை காணவில்லை, எங்கோ கிழித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பதறி அவரிடம் சொன்னேன். அவர் அந்தச் சூழ்நிலையிலும் சிரித்துவிட்டார். மான்களுக்குப் பித்தப்பையே கிடையாது. 'மான்களில் இது சற்று வேறுபடும்' என்ற அந்த ஒற்றை வரியின் பொருள் எனக்கு ஒரு பகுதி விளங்கியது அங்கேதான். அதற்கு ஓர் உயிர் விலையாகப் போனதை நான் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினேன். பண்ணை உரிமையாளர் என்னை ஏசவில்லை. அந்த மழைச்சட்டையை மட்டும் இனிமேல் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்றார்.

அடுத்து வந்தது கொம்பு வெட்டும் பருவம். இதைப் பற்றி எழுதும்போது என் மனம் இன்றும் ஒரு நிலையில் நிற்பதில்லை. தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. ஆனால் இரண்டும் அமைப்பில் வேறானவை. மாட்டின் கொம்பு, எலும்புக் குருத்தின்மேல் நகத்தைப் போன்ற பொருள் உறையாகப் படர்ந்து வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. ஆண் செம்மானின் கிளைத்த கொம்போ முழுவதும் எலும்பு; ஆண்டுதோறும் உதிர்ந்து ஆண்டுதோறும் புதிதாக முளைப்பது. குளிர்காலத்தின் முடிவிலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ பழையது விழுந்ததும், அந்த இடத்தில் மென்மயிர் அடர்ந்த தோல் போர்த்திய இளங்கொம்பு கிளம்புகிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். பாலூட்டிகளின் உடலில் இத்தனை வேகமாக வளரும் திசு வேறொன்று இல்லை என்பார்கள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைப் போலச் சுடும். உள்ளே இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கிறது, நரம்பும் இருக்கிறது. கோடை கழியும் தறுவாயில் பகற்பொழுது குறையக் குறைய ஆண் ஹார்மோன் உயர்ந்து, எலும்பு இறுகி, இரத்த ஓட்டம் நின்று, தோல் நார்நாராக உரிந்து விழும். அதன்பின் இருப்பது உணர்ச்சியற்ற ஆயுதம்.

பண்ணையில் அந்த ஆயுத நிலைக்கு விடுவதில்லை. பழைய கொம்பு விழுந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களில், இளங்கொம்பாக இருக்கும்போதே வெட்டி எடுக்கிறார்கள். கிழக்காசிய மருத்துவ முறைகளில் அதற்குள்ள மதிப்பு ஒரு காரணம்; இறுகிய கொம்போடு கலைகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று குத்திக் கொல்லும் என்பது இன்னொரு காரணம். கலையை இரு பக்கமும் மெத்தையிட்ட கூண்டில் அணைத்து நிறுத்தி, கொம்பின் அடிப்பகுதியைச் சுற்றி லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தி, சில நிமிடங்கள் காத்திருந்து, மரத்துவிட்டதா என்று சோதித்து, இரத்தம் கட்டும் பட்டை இறுக்கி, பிறகுதான் ரம்பத்தை வைப்பார்கள். என் வேலை அந்தக் காத்திருப்பு நிமிடங்களைக் கடிகாரத்தில் பார்ப்பது. ஒரு கலைக்கு மரத்துப்போவது தாமதமானபோது, பின்னால் இருபது மான்கள் வரிசையில் நிற்கின்றனவே என்ற நெருக்கடியிலும் மருத்துவர் இன்னொரு ஊசி போட்டுவிட்டு முழுவதும் காத்திருந்தார். வலியில்லாமல் செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் பிரிட்டனில் இதே செயல் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கொம்புத் தூளுக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்களை நான் நம்பவில்லை என்பதால், கூட்டிக் கழித்துப் பார்க்கையில் மானின் பக்கம் எதுவும் மிஞ்சுவதாக எனக்குத் தோன்றவில்லை. பாதுகாப்புக் காரணத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கோடைத் தொடக்கத்தில் பிணைகள் ஈனத் தொடங்கின. கருக்காலம் ஏறத்தாழ 233 நாட்கள். பால் பண்ணையில் ஈனும் பருவம் என்றால் இரவு பகலாக வேலை; நண்பர்கள் கைகளில் வழவழப்போடு கன்றை இழுத்த கதைகளைச் சொல்லியிருந்தார்கள். இங்கே எனக்கு இடப்பட்ட கட்டளை, ஈனும் நிலத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது. தொலைநோக்கியோடு மேட்டின்மேல் உட்கார்ந்து, எந்தப் பிணை மந்தையைவிட்டு விலகி வேலியோரம் நடக்கிறது, எதன் மடி இறங்கியிருக்கிறது, எது நெடுநேரம் முக்குகிறது என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். தலையிட்டால் தாய் குட்டியைக் கைவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே உண்மையிலேயே சிக்கல் என்று உறுதியானால் ஒழிய எவரும் எழுவதில்லை.

மறிகள் பிறந்ததும் தாயின் பின்னால் ஓடுவதில்லை. சீம்பால் குடித்ததும் உயரமான புல்லிலோ புதரடியிலோ படுத்து ஒளிந்துகொள்கின்றன. தாய் தொலைவில் மேய்ந்து, நாளுக்குச் சில முறை மட்டும் வந்து பாலூட்டிவிட்டுப் போகிறது. வாடை காட்டிக்கொடுத்துவிடாதிருக்க, குட்டியின் சிறுநீரையும் சாணத்தையும் நக்கி அதுவே உட்கொண்டுவிடுகிறது. வேலியை ஒட்டிய பாதையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போன ஒரு நாள், என் காலடியிலிருந்து இரண்டு முழத் தூரத்தில், கம்பி வலைக்கு அப்பால், முதுகில் வெண்புள்ளிகளோடு ஒரு மறி படுத்திருந்தது. கழுத்தைத் தரையோடு நீட்டி, காதுகளைப் பின்னால் படியவைத்து, மூச்சு விடுவதும் தெரியாதபடி கிடந்தது. இறந்துவிட்டதென்றே நினைத்தேன். பயந்த கன்றின் இதயம் படபடக்கும். ஒளிந்திருக்கும் மறிக்கு ஆபத்து நெருங்கும்போது இதயத்துடிப்பு குறைந்து, மூச்சும் அடங்கிவிடுகிறது. அசையாதிருப்பது அதற்கு உடம்போடு பிறந்த கல்வி. நான் மூன்று மாதமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்ததை, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத அது முழுவதும் அறிந்திருந்தது. வாளியை வைத்துவிட்டு, வந்த வழியே பின்னோக்கி நடந்தேன். தொட்டி மறுநாள் கழுவப்பட்டது.

அந்தப் பருவத்தில் தாயை இழந்த ஆண் மறி ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். பண்ணையில் கொஞ்சுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று ஏங்கியிருந்தேன் என்பதே உண்மை. மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். இருவர் மாற்றி மாற்றி, பேசாமல், தடவாமல், புட்டியை வேலியில் மாட்டிக் கொடுத்தார்கள். பண்ணையில் ஆளைக் கொல்லக்கூடிய மான் எதுவென்று கேட்டால், காட்டிலிருந்து பிடித்து வந்தது என்றுதான் வெளியாள் சொல்வார். உண்மையில் அது கையில் வளர்ந்த கலைதான். மனிதனைக் கண்டு மருளும் கலை, இணைசேரும் பருவத்தில்கூட, வழி கிடைத்தால் விலகிப் போகும். மனிதரிடையே வளர்ந்த கலைக்கு நாமும் மந்தையில் ஒருவர், ஆகவே பருவம் வந்ததும் நாமும் போட்டிக்கு நிற்கும் இன்னொரு கலை. நம்மீது அச்சமில்லாத மான் நம்மை நேசிக்கும் மான் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது எவ்வளவு பிழை! அந்த மறியை ஓரளவு வளர்ந்ததும் மற்ற குட்டிகளோடு சேர்த்துவிட்டு, காயடிப்பதற்குரிய பட்டியலில் அதன் காதுவில்லை எண்ணைக் குறித்துவைத்தார்கள்.

நோய்களைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. சாணம் சேகரித்துப் புழுமுட்டை எண்ணிய நாட்களைப் பற்றிச் சொல்லச் சுவையான எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பக்கத்து நிலத்தில் செம்மறியாடு மேய்க்க எவரேனும் வந்தால் உரிமையாளர் முகம் மாறிவிடும். செம்மறிக்கு ஒரு தீங்கும் செய்யாமல் அதன் உடம்பில் தங்கியிருக்கும் ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ், மானுக்குத் தொற்றினால் காய்ச்சலும் கழிச்சலுமாக வந்து பெரும்பாலும் கொன்றுவிடுகிறது. மருத்துவர் தம் காலணிகளைக் கிருமிநாசினியில் கழுவும் கண்டிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு: 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆய்வுக்காக வைத்திருந்த மான்களில் முதலில் கண்டறியப்பட்ட மெலிவு நோய், பிரியான் என்ற புரதத்தால் வருவது. அதற்கு மருந்தும் இல்லை, மண்ணில் விழுந்த பிரியான் ஆண்டுக்கணக்கில் அழியாமலும் கிடக்கிறது. 2016இல் நார்வேயின் காட்டுப் பனிமான்களிடமும் ('ரெயின்டீர்') அது தென்பட்டது.

கோடை முடிவில் மறிகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். இரண்டு இரவுகள் வேலியின் இரு பக்கங்களிலிருந்தும் குரல்கள் ஓயவில்லை. மூன்றாம் நாள் அடங்கியது. அதன்பின் இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் கலைகளின் கழுத்து தடித்து, பிடரி மயிர் அடர்ந்து, சேற்றில் புரண்ட நாற்றத்தோடு அவை உறுமத் தொடங்கின. செம்மானின் உறுமலை முதன்முதலாகக் கேட்பவர் அது மானின் குரல் என்று நம்பமாட்டார். அந்த வாரங்களில் கலை புல்லைக் கிட்டத்தட்ட மறந்துவிடுகிறது. பருவம் முடியும்போது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்திருக்கும். அவற்றின் நிலத்துக்குள் வண்டியில் அல்லாமல் போக எவருக்கும் அனுமதி இல்லை. உதட்டைச் சுருட்டி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்ற கலையிடம் என் வருகைப் பதிவேட்டைக் காட்டிப் பயனில்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

என் கடைசி நாளில் பிணைகளை மேல் நிலத்திலிருந்து கீழ் நிலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. வழக்கம்போல, திருப்பத்தில் என்னை நிறுத்தினார்கள். மான்கள் தவறான பக்கம் போகாமலிருக்க ஓர் ஆள் அங்கே தெரிந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலிக்கம்பத்தை ஒட்டி, பக்கவாட்டில் திரும்பி, பார்வையைத் தரையில் வைத்து நின்றேன். முன்னால் வந்த கிழப் பிணை ஒரு கணம் நின்று, என் பக்கம் காதைத் திருப்பி, பிறகு நடந்தது. மற்றவை அதன் பின்னால், ஓடாமல், ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பத்தைக் கடந்தன. நான் தலை நிமிராமல் கால்களைக் கொண்டே எண்ணினேன். கீழ் வாயிலில் மேற்பார்வையாளர் தம் கணக்கைச் சொன்னார்: 84. நானும் 84 என்றேன். அவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, தேநீருக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.